யூரோத் தாளில் மனிதர்கள் வரட்டும்

ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆளுநர் அவையினருக்கு,

வணக்கம்.

புதிய யூரோத் தாள்களில் எந்தப் படங்கள் வருவது என்பதை 2026 முடிவதற்குள் தீர்மானிக்கப் போகிறீர்கள். இரண்டு கருப்பொருள்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று ஐரோப்பியப் பண்பாடு: 5 யூரோவில் ஓபெரா பாடகி மரியா கல்லாஸ், 10இல் இசையமைப்பாளர் பேத்தோவன், 20இல் மேரி கியூரி, 50இல் ஸ்பானிய நாவலாசிரியர் செர்வாந்தெஸ், 100இல் லியோனார்டோ டா வின்சி, 200இல் போரை எதிர்த்த எழுத்தாளர் பெர்த்தா ஃபொன் சுட்னர். மற்றது ஆறுகளும் பறவைகளும்: மலைச்சுனையில் தொடங்கிக் கடலில் முடியும் தண்ணீர், கூடவே மீன்கொத்தி, பஞ்சுருட்டான், செங்கால் நாரை. அவற்றின் பின்பக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனக் கட்டடங்கள்.

தொண்ணூறுகளில் ஜேர்மனிக்கு வந்து, இங்கே ஒரு சிறிய பலசரக்குக் கடை நடத்தும் ஈழத்தமிழர் நான். உங்கள் தாள்கள் காலை முதல் இரவு வரை என் கையில்தான் புழங்குகின்றன. அந்த உரிமையில் கேட்கிறேன். மனிதர்களைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போதைய தாள்கள் எப்படி வந்தன என்பது உங்களுக்குத் தெரியும். என் மக்களில் பலருக்குத் தெரியாது என்பதால் இங்கே சொல்கிறேன். 1996இல் ஆஸ்திரிய தேசிய வங்கியைச் சேர்ந்த ராபர்ட் கலினாவின் வடிவங்கள் தேர்வாயின. முன்பக்கம் வாசலும் சன்னலும், பின்பக்கம் பாலம். கிரேக்க, ரோமானியக் காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுவரை ஒவ்வொரு காலக் கட்டடப் பாணிக்கும் ஒரு தாள். அவர் முதலில் வரைந்த பாலங்களில் வெனிஸின் ரியால்தோ போன்ற சில அடையாளம் தெரிந்துவிட்டன. ஒரு நாட்டின் பாலம் வந்தால் மற்ற நாடுகளுக்கு மனக்குறை வரும். அதனால் எந்த ஊரிலும் இல்லாத பாலங்களாக மாற்றி வரைந்தார்கள். 2002 சனவரி 1 அன்று 12 நாடுகளில் அந்தத் தாள்கள் வெளிவந்தன. இன்று பல்கேரியாவையும் சேர்த்து 21 நாடுகள், 35 கோடிக்கும் மேற்பட்ட மக்கள்.

அன்றைக்கு அது விவேகமான முடிவுதான். மார்க்கையும் பிராங்கையும் லீராவையும் ஒரே நாளில் கைவிடச் சொல்லும்போது, வேறு ஒரு நாட்டின் சின்னத்தையும் திணிக்க முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் என் கடைக்கு வந்த ஒருவர்கூட அந்தப் பாலம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டதில்லை. நெதர்லாந்தில் ரொட்டர்டாமுக்குப் பக்கத்தில் ஸ்பைக்கனிஸ என்றொரு ஊர் இருக்கிறது. தாளில் உள்ள ஏழு பாலங்களையும் அதே நிறத்தில், சிறிய அளவில், தங்கள் கால்வாய்களுக்கு மேல் உண்மையாகவே கட்டிவிட்டார்கள். காசில் இருக்கும் ஒன்றைப் போய்ப் பார்க்க வேண்டும், மிதித்து நடக்க வேண்டும் என்ற ஆசை மனிதர்களுக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஜேர்மனியில் முதலில் வேலை செய்தது ஓர் உணவகத்தின் சமையலறையில். சம்பளத்தில் 100 மார்க் தாள் ஒன்று வந்தது. அதில் ஒரு பெண்ணின் முகம். அரசியாக இருக்கும் என்று நினைத்தேன். கூடப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த துருக்கிக்காரர் என் கையிலிருந்து தாளை வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு பெரிய பியானோ. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, எஃகு மேசைமேல் பத்து விரலாலும் வாசித்துக் காட்டினார். “கிளாரா ஷூமான்” என்றார். இருவருக்கும் ஜேர்மன் மொழி அரைகுறை. அவருக்கும் அது பிறந்த நாடல்ல, எனக்கும் அல்ல. ஆனால் இந்த நாடு அரசர்களை விட்டுவிட்டு ஒரு பியானோக் கலைஞரைத் தன் காசில் வைத்திருக்கிறது என்பது அன்று எனக்குப் புரிந்தது. வந்து சேர்ந்த இடத்தைப் பற்றி எனக்கு முதலில் நல்லபடியாகச் சொன்னது அந்தத் தாள்தான்.

முகங்களை வைத்தால் சண்டை வரும் என்று நீங்கள் அஞ்சலாம். அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. 2015இல், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூப் போரின் இருநூறாம் ஆண்டுக்காக பெல்ஜியம் 2 யூரோ நாணயம் அடிக்கப் போனது, பிரான்ஸ் எதிர்த்தது, அடித்த நாணயங்களை அழிக்க வேண்டியதாயிற்று. பிறகு தன் நாட்டுக்குள் மட்டும் செல்லும் இரண்டரை யூரோ நாணயமாக அதை வெளியிட்டார்கள். குரோவேஷியா யூரோவுக்கு வந்தபோது மின்னியல் கண்டுபிடிப்பாளர் நிக்கோலா தெஸ்லாவை 10, 20, 50 சென்ட் நாணயங்களில் வைத்தது. அவர் பிறந்த ஊர் இன்றைய குரோவேஷியாவில், குடும்பமோ செர்பியர். செர்பிய தேசிய வங்கி கண்டித்தது. இப்படி இன்னும் வரும்.

ஆனால் அதே நாணயங்களைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். இரவு கடை அடைத்ததும் கல்லாவைக் கவிழ்த்துச் சில்லறை பிரிக்கும்போது என் மேசைமேல் விழுவது ஒரு கண்டமே. கிரேக்கத்தின் ஒரு யூரோவில் ஆந்தை. அயர்லாந்தின் யாழ். இத்தாலியின் இரண்டு யூரோவில் கவிஞர் தாந்தே. ஆஸ்திரியாவின் ஒரு யூரோவில் மொசார்ட், இரண்டு யூரோவில் இதே பெர்த்தா ஃபொன் சுட்னர். ஸ்பெயினின் 50 சென்டில் செர்வாந்தெஸ். சுலோவேனியாவின் ஒரு யூரோவில் ப்ரிமோஷ் த்ரூபார். 1550இல் சுலோவேனிய மொழியின் முதல் அச்சு நூல்களைக் கொண்டுவந்தவர். பின்லாந்தின் இரண்டு யூரோவில் சதுப்பு நிலத்தில் விளையும் ஒரு பழம். என் பிள்ளைகள் சிறுவயதில் இவற்றை நாடுவாரியாக அடுக்கித்தான் ஐரோப்பாவைக் கற்றார்கள். பின்லாந்து நாணயத்தைக் கொடுத்ததற்காக என் கடையில் யாரும் முகம் சுளித்ததில்லை. ஒவ்வொருவரும் தன் முகத்தோடு வந்து, எல்லா ஊரிலும் செல்லுபடியாவது என்பது நாணயத்தில் 2002 முதல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தாளில் மட்டும் ஏன் அந்தத் தயக்கம்?

முகம் காயப்படுத்தவும் செய்யும் என்பதை உங்கள் அவையில் இருக்கும் பலரைவிட நான் நன்றாக அறிவேன். 2009இல் போர் முடிந்த கையோடு இலங்கையில் ஒரு 1000 ரூபாய்த் தாள் வெளியிட்டார்கள். முன்பக்கத்தில் அப்போதைய ஜனாதிபதி. பின்பக்கத்தில் கொடியை நாட்டும் படையினர். போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் அதே தாளைக் கொடுத்துத்தான் அரிசி வாங்க வேண்டியிருந்தது. ஊருக்குப் போயிருந்தபோது அது என் கையிலும் வந்தது. அதற்கடுத்து 2011இல் வந்த வரிசையில் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் இருந்தன. அழகான பறவைகள்தான். ஆனால் அந்தப் பறவைகளால் எங்கள் சனத்துக்கு ஆறுதல் எதுவும் வரவில்லை. தாளில் யாரையும் புண்படுத்தாத ஒன்றை வைத்துவிட்டதால் ஒரு நாட்டு மக்கள் ஒன்றாகிவிடுவதில்லை.

பறவைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. செங்கால் நாரை எங்கள் மொழியின் பழைய உறவு. வறுமையில் வாடிய புலவர் ஒருவர் தன் மனைவிக்கு அதனிடம்தான் சேதி சொல்லி அனுப்பினார். இங்கே கோடையில் கூடு கட்டி, ஜிப்ரால்டரையும் பொஸ்பரசையும் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போய்வரும் அந்தப் பறவைக்கு எல்லைச் சாவடி கிடையாது. நல்ல கருத்துத்தான். ஆனால் அந்த நாரை வரும் 50 யூரோவைத் திருப்பினால் வருவது ஒன்றியத்தின் நீதிமன்றக் கட்டடம். முன்பக்கம் மனிதர் இல்லாத இயற்கை, பின்பக்கம் மனிதர் இல்லாத கட்டடம். 2002இல் செய்ததையே திரும்பச் செய்வதாகத்தான் அது முடியும். இந்தக் கண்டம் தன்னைப் பார்க்கும்போது அதில் ஓர் ஆள்கூட இல்லாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த ஆறு பேரைப் பற்றி நான் மகிழ்ந்ததற்குக் காரணம் வேறு. எந்த ஒரு நாடும் தனக்கு மட்டும் சொந்தம் என்று அவர்களைக் கட்டிவைக்க முடியாது. கல்லாஸ் நியூயோர்க்கில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, ஏதென்ஸில் பயின்று, இத்தாலியில் புகழ்பெற்று, பாரிஸில் இறந்தவர். பேத்தோவன் பிறந்தது பொன் நகரில், வாழ்ந்தது வியன்னாவில். பாட்டனார் இன்றைய பெல்ஜியத்தின் மெக்கலன் ஊர்க்காரர். லியோனார்டோ கண்மூடியது பிரான்சின் அம்புவாஸில். சுட்னர் பிராகாவில் பிறந்தவர். செர்வாந்தெஸ் அல்ஜியர்ஸில் ஐந்தாண்டுகள் சிறைக்கைதியாக இருந்தார். அவருடைய பெருநாவலான ‘டான் கிஹோத்தே’யை, அரபு மொழியில் இருந்த ஒரு கையெழுத்துப் பிரதியைத் தொலேதோச் சந்தையில் வாங்கி மொழிபெயர்க்கச் செய்ததாகச் சொல்லித்தான் நமக்குத் தருகிறார். ஸ்பெயினின் தலையான நூலின் கற்பனை ஆசிரியர் ஓர் அரபு வரலாற்றாசிரியர்! அரபு மொழி பேசுபவர்களை ஐரோப்பாவுக்கு வெளியே வைத்துப் பேசும் இன்றைய அரசியல்வாதிகள், 50 யூரோவை மாற்றும்போதெல்லாம் இதை நினைக்கட்டும்.

மேரி கியூரியிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1867இல் வார்சாவில் பிறந்தார். அப்போது போலந்து என்றொரு நாடு வரைபடத்திலேயே இல்லை. அவர் ஊரில் நடந்தது ரஷ்யப் பேரரசரின் ஆட்சி. பள்ளியில் தாய்மொழிக்கு நெருக்கடி, பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமே இல்லை. அதிகாரிகள் கண்ணில் படாமல் வீடு வீடாக இடம் மாற்றி நடந்த ‘பறக்கும் பல்கலைக்கழக’த்தில் படித்தார். மற்றவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் சேர்த்து 1891இல் பாரிஸுக்கு வந்தார். 1898இல் புதிய தனிமம் ஒன்றைக் கண்டுபிடித்ததும், அடிமைப்பட்டுக் கிடந்த தாய்நாட்டின் பெயரால் அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார்.

எழுபதுகளில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளிகள் கேட்ட தரப்படுத்தல் வந்தபோது, படிக்க இடமில்லாமல் போன தலைமுறை எங்களுடையது. படிப்பைத் தேடிக் கடல் தாண்டுவது என்றால் என்னவென்று எங்கள் வீடுகளில் விளக்கத் தேவையில்லை. 20 யூரோவில் அந்த முகம் வந்தால், எங்கள் பிள்ளைகளுக்கு அது பாடநூலில் படித்த விஞ்ஞானி மட்டுமாக இருக்காது.

அப்புறம் இன்னொன்று. 1911 சனவரியில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் ஓர் இடத்துக்கு அவர் போட்டியிட்டார். அதற்கு முன்பே ஒரு நோபல் பரிசு பெற்றவர். பாரிஸின் தேசியவாதப் பத்திரிகைகள் அவரை வெளிநாட்டுக்காரி என்று தூற்றின; யூதராக இருக்கலாம் என்றும் கிசுகிசுத்தன. சொற்ப வாக்குகளில் தோற்றார். அதே ஆண்டு இரண்டாவது நோபல் பரிசு கிடைத்தது. 1995இல் அவருடைய உடலை எடுத்துச் சென்று, பிரான்ஸ் தன் பெருமக்களை வைக்கும் பாந்தியோனில் அடக்கம் செய்தார்கள். போலந்து 1989இல் தன் 20,000 ஸ்லொட்டித் தாளில் அவரை வைத்தது. பிரான்ஸ் 500 பிராங்க் தாளில் வைத்தது. வேண்டாதவராக ஏசப்பட்ட பெண் இரண்டு நாட்டுக் காசிலும் ஏறிவிட்டார். இந்தக் கண்டத்தில் பொது அடையாளம் இப்படித்தான் உண்டாகிறது: யாரோ ஒருவர் வெளியிலிருந்து வருகிறார், அவமானப்படுகிறார், வேலையைச் செய்கிறார், பிறகு அவர் இல்லாமல் அந்த நாட்டையே நினைக்க முடியாமல் போகிறது. அதை மறைக்காமல் தாளில் காட்டுங்கள். அவருடைய பிறந்த வீட்டுப் பெயரான ஸ்க்வொடொவ்ஸ்காவையும் சேர்த்து அச்சிடுங்கள். அவரே அந்தப் பெயரை விடாமல் வைத்திருந்தவர். ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் பிறந்த ஊரும் இறந்த ஊரும் இருக்கட்டும். கல்லாஸின் பெயர் கிரேக்க எழுத்திலும் வரட்டும். உங்கள் தாள்களில் யூரோ என்ற பெயர் ஏற்கெனவே இலத்தீன், கிரேக்க, சிரில்லிக் எழுத்துகளில் இருக்கிறது. இடமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சுட்னரைப் பற்றி ஒரு வார்த்தை. போருக்கு எதிராக எழுதியும் பேசியும் வாழ்ந்தவர். 1905இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண். 1914 யூன் 21 அன்று இறந்தார். சரியாக ஒரு வாரத்தில், முதல் உலகப் போருக்கு வழிவிட்ட துப்பாக்கி சரயேவோவில் வெடித்தது. அந்த 1000 ரூபாய்த் தாளை எண்ணிய கையால் இவர் முகம் உள்ள தாளை எண்ண வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

இந்த ஆறு பேரோடு ஐரோப்பா முழுமையாகிவிடவில்லை என்பதும் உண்மை. பால்டிக் நாடுகளிலிருந்தோ வட ஐரோப்பாவிலிருந்தோ ஒருவரும் இல்லை. நூற்றாண்டுகளாக இங்கேயே வாழும் ரோமா என்ற சிறுபான்மை இனத்தவரில் ஒருவரும் இல்லை. கடைசியாக இறந்தவர் கல்லாஸ், 1977இல். அதற்குப் பிறகான ஐரோப்பாவும், சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் வெளியிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்த ஐரோப்பாவும் முன்பக்கத்தில் இல்லவே இல்லை. அதற்காக ஒரு தமிழரின் முகத்தைப் போடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

நான் கேட்பது பின்பக்கத்தை. பண்பாட்டுக் கருப்பொருளின் பின்பக்கங்களில் தெருக்கலைஞர்கள், பாடும் பிள்ளைகள், வகுப்பறை, நூலகம், கண்காட்சி, மரங்கள் நிற்கும் பொதுச் சதுக்கம் என்று நீங்களே தீர்மானித்திருக்கிறீர்கள். மிக நல்ல தேர்வு. பயம் என்னவென்றால், ஓவியர்கள் மறுபடியும் அந்தப் பாலங்களைப் போல எவருமில்லாத ஆட்களை, முகமற்ற நிழலுருவங்களை வரைந்துவிடுவார்கள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்திலேயே அது நடக்கும். நடக்க விடாதீர்கள்.

10 யூரோவின் பின்பக்கத்துப் பாடகர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்தோனியாவில் பாட்டுத் திருவிழா 1869இல் தார்த்து நகரில் தொடங்கியது. 1988இல் தல்லின் பாட்டுத் திடலில் மக்கள் இரவிரவாகக் கூடிநின்று, சோவியத் ஆட்சி தடுத்து வைத்திருந்த பாடல்களைப் பாடினார்கள். மூன்றே ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. பாட்டு ஒரு சிறிய இனத்துக்கு என்ன செய்யும் என்பதை அவ்வளவு தெளிவாகக் காட்டிய இடம் ஐரோப்பாவில் வேறு இல்லை. அந்தத் திடலின் வளைந்த மேடையை அப்படியே வரையலாமே. பேத்தோவனுக்கு மறுபக்கத்தில் அது நிற்பது பொருத்தமும்கூட. ஒன்றியத்தின் கீதமாக இருக்கும் அவருடைய மெட்டுக்கு, எந்த மொழிக்கும் முதலிடம் தராமல் இருக்கவேண்டும் என்று, சொற்களே வைக்கவில்லை. முன்பக்கம் சொல்லில்லாத மெட்டு. பின்பக்கம் தம் மொழியின் சொற்களைப் பாடிப் பாடியே நாட்டை மீட்டவர்கள். இரண்டும் ஒரே தாளில் இருக்கட்டும்.

அந்தக் குழுவில் நிற்கும் பிள்ளைகளையும் இன்றைக்கு இருக்கிறபடி வரையுங்கள். எந்த ஜேர்மன் பள்ளியின் பாடகர் குழுவையும் போய்ப் பாருங்கள். தலைமுடிச் சுருளும் தோல் நிறமும் எத்தனை விதம் என்று கண்ணால் தெரியும். நூலகத்தில் தலையை மூடிய பெண் படித்துக்கொண்டிருப்பது புதுமையல்ல, வழக்கமான காட்சி. 200 யூரோவின் சதுக்கத்தில் யார் நிற்கலாம் என்று கேட்டால், ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள உவெந்துரொப்புக்கு ஒரு கோடையில் வாருங்கள் என்பேன். அங்கே காமாட்சி அம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 2002இல், உங்கள் தாள்கள் வெளிவந்த அதே ஆண்டில். தேர் இழுக்கும் நாளில் தொழிற்பேட்டைத் தெரு முழுக்கச் சனம். வடம் பிடிப்பவர்களோடு, பக்கத்து ஊர்களிலிருந்து வந்த ஜேர்மன் குடும்பங்களும் கைக்குழந்தையோடு நிற்கும். போக்குவரத்தைத் திருப்பிவிடும் பொலிஸ்காரர் மோர் வாங்கிக் குடிப்பார். பாரிஸில் லா ஷப்பலில் பிள்ளையார் தேர் போகும்போதும் அப்படித்தான். இதைத் தாளில் போடுங்கள் என்பதல்ல என் கோரிக்கை. சதுக்கத்தை வரையும் ஓவியர் இப்படி ஒரு நாளையும் பார்த்துவிட்டு வரையட்டும் என்பதுதான்.

பன்மையை மதிப்பதாக ஒன்றியத்தின் உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. 24 ஆட்சிமொழிகள் இருக்கின்றன. அவையெல்லாம் பிரசல்ஸின் கூட்ட அறைகளில் நடப்பவை. எங்கள் கைக்கு வருவது காசுதான். உங்கள் ஆய்வே சொல்கிறது: 2024இல் கடைகளில் நடந்த கொடுக்கல் வாங்கலில், எண்ணிக்கைக் கணக்கில் 52 விழுக்காடு ரொக்கமாகவே நடந்தது. பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்காதவரும், ஒன்றியத்தின் கொடியைப் பொருட்படுத்தாதவரும், குடியுரிமை இன்னும் கிடைக்காதவரும் அந்தத் தாளைத் தொடுகிறார்கள்.

2023இல் கருப்பொருள் பற்றி மக்கள் கருத்தைக் கேட்டீர்கள். மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். இறுதிச் சுற்றுக்கு வரும் வடிவங்களைப் பற்றியும் கேட்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இம்முறை இணையப் படிவத்தோடு நிறுத்தாதீர்கள். மாதிரித் தாள்களை அச்சிட்டுச் சந்தைகளுக்கும் நூலகங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் கொண்டுபோங்கள். எங்களைப் போன்ற கடைகளுக்கும் ஒரு கட்டு அனுப்புங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். வருகிறவர்கள் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இது யார், எந்த ஊர் என்று கேட்டால் சொல்கிறேன். அவர்கள் சொல்வதை எழுதி உங்களுக்கு அனுப்பவும் நான் தயார்.

அன்புடன்,
ஜேர்மனியிலிருந்து ஒரு கடைக்காரர்